இரண்டு மணி போட்டோ

நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் தினமும் இரண்டு போட்டோ எடுக்க வேண்டும். எங்க பக்கம் காலை 11 மணிக்குள் ஒன்று, மதியம் 2 மணிக்கு மேல் ஒன்று. எடுக்கிறவர் பணித்தளப் பொறுப்பாளர். வந்தவாசிப் பக்கத்தில் எங்க ஊரில் அது நான். என்.எம்.எம்.எஸ். என்ற செயலியில் அன்றைய என்.எம்.ஆரை, அதாவது வருகைப் பதிவேட்டைத் திறந்து, வந்தவர்கள் பேருக்கு நேரே டிக் போட்டு, எல்லாரையும் நிற்க வைத்து ஒரு படம் பிடித்து ஏற்றினால், எந்த இடம், எந்த நேரம் என்ற விவரத்தோடு டெல்லி வரைக்கும் போய்விடும். 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க இது கட்டாயம். கூலி எனக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுதான். போன் என்னுடையது, ரீசார்ஜும் என்னுடையது.

எங்க ஊர்ப் பெண்கள் செய்தி கேட்க ஆரம்பித்ததற்கு இந்த இரண்டாவது போட்டோதான் காரணம் என்றால் சிரிப்பீர்கள். முன்பெல்லாம் அளந்து விட்ட மண்ணை வெட்டிப் போட்டுவிட்டால் பன்னிரண்டு மணிக்கே கிளம்பலாம். ஆட்டை அவிழ்க்க வேண்டும், பால்வாடியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வர வேண்டும், ஆளுக்கு ஒரு அவசரம். இப்போது வேலை முடிந்தாலும் இரண்டு மணி வரை மரத்தடியில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கூழ் குடித்து, வெற்றிலை போட்டு, ஊர் வம்பை ஒரு சுற்று பேசி முடித்தாலும் நேரம் மிச்சம் கிடக்கும். அப்போதுதான் யாராவது, "பாப்பா, போன்ல இன்னா நியூஸ்னு பாரு" என்பார்கள்.

வேலை நடக்கிற ஏரிக்குள் சிக்னல் எடுக்காது. கரை மேல் ஏறினால்தான் கிடைக்கும். நான் மேலே நின்று நான்கைந்து செய்தியைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்கி வந்து படிப்பேன். எல்லாம் எடுபடாது. மந்திரி மாற்றம், கூட்டணிப் பேச்சு என்றால், "அதெல்லாம் ஓட்டு கேக்க வரும்போது அவங்களே சொல்லுவாங்க, வேற படி" என்று தள்ளிவிடுவார்கள். யார் பணத்தை யார் வைத்திருக்கிறார்கள், எங்கே ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், போனை வைத்துப் புதிதாக என்ன செய்யப் போகிறார்கள் என்பது வந்தால் வெற்றிலை மெல்லுவது நின்றுவிடும்.

2025 ஜூலையில் ஒரு செய்தி படித்தேன். ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. செயலியில் சம்பந்தமே இல்லாத படங்களை ஏற்றுகிறார்கள், ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படம் பிடித்துப் போடுகிறார்கள், படத்தில் நிற்கிற தலைக்கும் எழுதிய கணக்குக்கும் பொருந்தவில்லை, காலையில் நின்றவர் வேறு மதியம் நிற்பவர் வேறு, பல இடங்களில் மதியப் படமே இல்லை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். இனி ஊராட்சி அளவில் எல்லாப் படத்தையும் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டுமாம்.

படித்து முடித்ததும் ஒரே சிரிப்பு. படத்தைப் படம் பிடிப்பது எப்படி என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு போனில் நேற்றைய படத்தைத் திறந்து வைத்து இன்னொரு போனைக் காட்டினால் முடிந்தது. செயலி படம் கேட்குமே தவிர, அதில் நிற்பது ஆளா ஆளுடைய படமா என்று கேட்காது. திருட்டுக் கணக்குக்காக இப்படிச் செய்தவர்கள் உண்டு. சர்வர் சுற்றிச் சுற்றி நின்று, எடுத்த படம் ஏறாமல் போய், அத்தனை பேர் கூலியும் விழுந்துவிடுமே என்ற பயத்தில் செய்தவர்களும் உண்டு. சுற்றறிக்கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சிரிப்பு அடங்கியதும் ஆடு வைத்திருக்கிற அக்கா கேட்டார்: "அப்போ இத்தினி நாளா நம்ம போட்டோவ எவனும் பாக்கவே இல்லையா?"

அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. வெயிலில் வரிசையாக நின்று, முந்தானையை இழுத்துச் சரி செய்து, "ஆயா கொஞ்சம் முன்னாடி வா, முகம் தெரியல" என்று நான் கத்துவதைப் பொறுத்துக்கொண்டு, அதற்காகவே இரண்டு மணி வரை காத்திருந்து எடுத்த படங்கள். பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பயமும் இருந்தது.

இந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தட்டிக்கொண்டே போனால் அந்தந்த என்.எம்.ஆருக்குக் கீழே படம் வரும். ஒரு நாள் திறந்து காட்டினேன். போன் கை மாறிக் கை மாறிப் போனது. "நான் ஏன் இப்படி கறுத்துக் கெடக்குறேன்" என்றார் ஒருவர். இன்னொருவர் மெதுவாக, "இத என் மருமவன் பெங்களூர்லேர்ந்து பாக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். மறுநாளிலிருந்து துண்டைத் தலையில் போட்டு நெற்றி வரை இழுத்துக்கொண்டுதான் நிற்கிறார். மகள் வீட்டில், அம்மா மண் சுமப்பதாகச் சொல்லவில்லையாம்.

செயலியால் ஒரு நன்மையும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் இருந்தபடியே பேர் ஏற்றச் சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் எதிர்த்துப் பேசுவது என்னைப் போன்றவர்களால் ஆகாத காரியம். இப்போது, "அண்ணே, போட்டோ கேக்குது, நீங்க வந்து நின்னாதான் ஏறும்" என்று பழியை போன் மேல் போட்டுத் தப்பிக்க முடிகிறது. அந்த ஒரு காரணத்துக்காக இந்தச் செயலியை நான் முழுதாகத் திட்டுவதில்லை.

ஆனால் கூலி விஷயம் வந்தால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் மாதக் கணக்கில் கூலி வரவில்லை. தமிழ்நாட்டுக்கு 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று மாநில அரசு சொன்னது. தமிழ்நாட்டுக்கு நிறையவே கொடுத்திருக்கிறோம் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. மார்ச் 29 அன்று தி.மு.க. மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடத்தியது. கூப்பிட்டபோது மரத்தடியில் ஒரு விவாதமே நடந்தது. "கட்சிக்காரங்க கூட்டத்துக்கு நாம ஏன் தலை எண்ணிக்க குடுக்கணும்" என்றார் ஒருவர். "எவன் கூப்புட்டா இன்னா, காசு நம்முது, போய் நிப்போம்" என்றார் மேட்டுத் தெரு பெரியம்மா. போனவர்கள் போனார்கள். போகாதவர்கள், அன்றைக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கப் போனால் சாயங்காலமே கையில் காசு என்று போனார்கள். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

4,034 கோடி என்பது யாருக்கும் மனதில் நிற்கவில்லை. நின்றது வேறு ஒரு கணக்கு. சட்டப்படி கூலி பதினைந்து நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் பதினாறாம் நாளிலிருந்து தாமதத்துக்கு ஈடு தர வேண்டும், நாளொன்றுக்கு 0.05 சதவீதம். இதை நான் படித்ததும், "ஆயிரத்துக்கு எவ்ளோ வருது?" என்று கேட்டார்கள். ஐம்பது காசு. நாளுக்கு ஐம்பது காசு என்றால் மாதத்துக்குப் பதினைந்து ரூபாய். அதாவது ஒன்றரை வட்டி. கூலி வராத மாதங்களில் இவர்கள் ஊரில் கை மாற்றுக்கு வாங்கியது மூன்று வட்டிக்கு. "நம்ம காசுக்கு அரசாங்கம் ஒன்றரை வட்டி, நாம வாங்குன காசுக்கு மூணு வட்டி. மீதி ஒன்றரை யார் தலைல?" என்று பெரியம்மா ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். எங்க ஊரில் அந்த ஒன்றரை வட்டியையும் கண்ணால் பார்த்தவர் கிடையாது என்பது வேறு கதை. பேங்குக் கணக்கில் கூலி ஏறியபோது கூலி மட்டும்தான் ஏறியது.

இதே ஆட்கள் டெல்லி ஜந்தர் மந்தர் போராட்டச் செய்தியைக் கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் தொடங்கி, இந்தச் செயலியையும் ஆதார் வழிக் கூலியையும் எதிர்த்து, பீகார், ஜார்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து நூறு நாள் வேலைத் தொழிலாளிகள் அணி அணியாக டெல்லிக்கு வந்து தர்ணா இருந்தார்கள். நூறு நாள் நடத்துவதாக அறிவித்துத் தொடங்கிய போராட்டம். இங்கே கேட்ட முதல் கேள்வி, "அந்த நூறு நாளுக்கு அவங்களுக்கு கூலி யாரு குடுத்தா?" கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். ரயில் செலவு எவ்வளவு, சோறு எங்கே, பிள்ளைகளை யாரிடம் விட்டார்கள் என்று அரை மணி நேரம் அதே பேச்சு. கோரிக்கை என்ன என்று விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

டி.வி. விவாதங்களில் இந்தத் திட்டத்து மோசடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தீர்வு என்று ஒரு தொழில்நுட்பத்தைச் சொல்வார்கள். என் கண்ணால் பார்த்ததில், திருடுகிறவர்களுக்குச் செயலியை விடப் பயம் தந்தது வேறொன்று: பேரைச் சத்தமாகப் படிப்பது.

2005-ஆம் வருஷத்து வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சமூக தணிக்கையைச் சொல்கிறது. தணிக்கைக்கு வருகிறவர்கள் வேற்று ஊராட்சியைச் சேர்ந்தவர்கள். அவர்களும் நம்மைப் போல ஜாப் கார்டு வீட்டுப் பெண்கள், படித்த பிள்ளைகள். வீடு வீடாகப் போய் அட்டையைப் பார்ப்பார்கள். அப்புறம் கிராம சபையைக் கூட்டி, யார் பேரில் எத்தனை நாள், எவ்வளவு ரூபாய் என்று மைக்கில் படிப்பார்கள். இந்த வழக்கம் டெல்லியில் பிறந்தது இல்லை. ராஜஸ்தானில் அருணா ராய் போன்றவர்கள் சேர்ந்து நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டு நகலை வைத்துக்கொண்டு ஊர் நடுவே பேர் பேராகப் படித்தார்கள். நகல் கேட்பது உரிமை என்று 1996-ல் பியாவரில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். 2005-ல் தகவல் உரிமைச் சட்டமும் வேலை உறுதிச் சட்டமும் ஒரே வருஷத்தில் வந்ததற்குப் பின்னால் அந்த ராஜஸ்தான் கிராமங்களும் இருக்கின்றன. முதல் கட்டமாக 2006 பிப்ரவரியில் எடுத்த 200 மாவட்டங்களில் தமிழ்நாட்டில் ஆறு. எங்க திருவண்ணாமலையும் அதில் ஒன்று.

நான் பார்த்த ஒரு தணிக்கைக் கூட்டம் பள்ளிக்கூடத் திண்ணையில் நடந்தது. படித்த பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல், ரேஷன் கடையில் கூப்பிடுவது போலப் பேர், அப்பா பேர், நாள், தொகை என்று படித்துக்கொண்டே போனாள். முதல் பத்து நிமிஷம் யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று பின்னாலிருந்து ஒரு கிழவி, "ஏம்மா நில்லு, அவன் திருப்பூருக்குப் போயி மூணு வருஷம் ஆவுது" என்றாள். கூட்டம் சிரித்தது. அடுத்த பேருக்கு, "அவ ஏரியில கால் வச்சதே இல்லையே". அதற்கப்புறம் சிரிப்பு குறைந்துவிட்டது. ஒவ்வொரு பேருக்கும் ஆட்கள் காதை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினார்கள். எந்த கேமராவும் அந்தத் திருப்பூர் ஆளைக் கண்டுபிடித்திருக்காது. அவன் தெருவில் குடியிருக்கிற கிழவிக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. தொகையைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று எழுதினார்கள். கட்டினார்களா என்று கேட்டு அடுத்த தணிக்கையில் படிக்க வேண்டும், அது அவ்வளவாக நடப்பதில்லை.

2025 ஜனவரி 5-க்குப் பிறகு எங்க ஊரில் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. பதவிக் காலம் முடிந்தது, உள்ளாட்சித் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் நிர்வாகம். முன்பு கூலி வராவிட்டால் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இப்போது யார் வீட்டு வாசல் என்று தெரியவில்லை. போனில் மட்டும் எங்களை தினம் இரண்டு முறை பார்க்கிறார்கள்.

2025 கடைசி மாதங்களில் முகச் சரிபார்ப்பும் வந்தது. ஜாப் கார்டு வைத்திருப்பவர் முகத்தை என் போன் கேமராவில் காட்ட வேண்டும், அது ஆதார் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். திரையில் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கண் ஆபரேஷன் செய்த ஒரு ஆயாவிடம், "கண்ண சிமிட்டு ஆயா" என்றேன். "எந்தக் கண்ண?" என்றார். ரெண்டையும் என்றேன். இறுக்கி மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை. திற என்றால் திறந்துகொண்டே இருக்கிறார், மூடு என்றால் மூடிக்கொண்டே இருக்கிறார். வெளிச்சம் போதவில்லை என்றது, முகம் வட்டத்துக்குள் இல்லை என்றது. நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்குமாக ஆயாவை இழுத்துக்கொண்டு அலைந்தோம். கடைசியில் பேத்தி வந்து, "ஆயா, தாத்தாவ பாத்து எப்படி கண்ணடிப்ப?" என்று கேட்க, ஆயா வெட்கப்பட்டுச் சிமிட்ட, பச்சை விழுந்தது. எல்லாருக்கும் அப்படிப் பேத்தி இருக்காது. ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பிய கைகளை எனக்குத் தெரியும். அடுத்து முகமும் விழாமல் போனால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார்கள், என்னிடம் பதில் இல்லை.

இதற்கு நடுவில்தான் 2025 டிசம்பரில், நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. பேரை இங்கே யாரும் முழுசாகச் சொல்வதில்லை, ஏரி வேலை என்பதோடு சரி. காந்தி பேரை எடுத்தது பற்றி டி.வி.யில் சண்டை, நாடாளுமன்றத்தில் நகலைக் கிழித்தார்கள், வெளியே ராத்திரி முழுக்கத் தர்ணா. மரத்தடியில் அந்தப் பகுதியைச் சீக்கிரம் தாண்டிவிட்டார்கள். "நூத்தி இருவத்தஞ்சு நாளாமே?" என்பதுதான் முதல் கேள்வி. "நூறே வரல, அதுல இருவத்தஞ்சு சேத்து எழுதுனா இன்னா" என்பது உடனே வந்த பதில். நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தாலே ஒரு குடும்பத்துக்குச் சராசரி ஐம்பது நாள் பக்கம்தான் கிடைத்து வந்திருக்கிறது. கூலியில் இனி நூற்றுக்கு நாற்பது மாநிலம் போட வேண்டும் என்று படித்தபோது, "ரெண்டு பேர் சேந்து குடுக்குற கடன், ரெண்டு பேரும் மத்தவன கைகாட்டுவான்" என்றார் ஆட்டுக்கார அக்கா. இந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு, பங்காளி வீட்டுச் சொத்து.

ஆனால் ரொம்ப நேரம் ஓடிய பேச்சு அறுபது நாள் நிறுத்தத்தைப் பற்றியது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்று மொத்தம் அறுபது நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்கலாமாம். சட்டம் எழுதியவர்கள் நெல் அறுப்பைக் கடைசியாக எப்போது பார்த்தார்களோ தெரியாது. எங்க பக்கம் அறுப்பு மிஷின் வந்து இறங்கினால் ஒரு ஏக்கர் ஒரு மணி நேரத்துச் சமாச்சாரம். வைக்கோல் கட்டவும் மிஷின் வந்துவிட்டது. "அறுப்பு நாள்ல எனக்கு யாரு வேல வச்சிருக்கான்? வரப்புல நின்னு மிஷின வேடிக்கை பாக்கவா?" என்று கேட்ட ஆயாவுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல். களையெடுப்பும் மல்லாட்டையும் உண்டு, ஆனால் அதற்குக் குனியக்கூடிய இடுப்பைத்தான் கூப்பிடுவார்கள். மண் சட்டியைக் கை மாற்றிக் கொடுக்கும் இந்த வேலைதான் அந்த வயதுக்கு மிச்சம்.

மோசடியைக் கண்டுபிடிக்க ஏ.ஐ. வைக்கப் போகிறார்கள் என்பதையும் படித்தேன். ஏ.ஐ. என்றால் அவர்களுக்குத் தெரியும், செத்துப்போன நடிகர் பேசுவது போல வருகிற வீடியோ. "அது நம்மள மட்டும் பாக்குமா, ஆபீஸையும் பாக்குமா?" என்று கேட்டார் பெரியம்மா. கூலி எந்தத் தேதியில் எங்கே நின்றது, யார் கையெழுத்துக்காகக் காத்திருந்தது என்பதையும் பார்க்கச் சொல்லலாம், அதற்கு ஏ.ஐ.கூட வேண்டாம் என்றேன். அந்தத் தேதிகள் இப்போதே இணையதளத்தில் இருக்கின்றன. என்.எம்.ஆர். முடிந்த நாள் ஒரு பக்கம், பணம் அனுப்பும் உத்தரவு போட்ட நாள் ஒரு பக்கம், கணக்கில் ஏறிய நாள் ஒரு பக்கம். ஒட்டிப் பார்க்க ஆள்தான் இல்லை.

வருகிற ஜனவரி 26 கிராம சபையில் இந்த மூன்று தேதியையும் மைக்கில் படிக்கச் சொல்வது என்று பேசி வைத்திருக்கிறோம். ஊராட்சி செயலரிடம் சொன்னேன். கூட்டப் பொருளில் அது இல்லையே என்றார். "இதர பொருள்னு கடைசியில ஒண்ணு இருக்குமே சார், அதுல படிங்க" என்றேன். பார்க்கலாம் என்றார். அவர் படிக்காவிட்டால் நானே படிப்பதாக இருக்கிறேன். இரண்டு தாள் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது, பெரியம்மா கையில் ஒன்று, என் கையில் ஒன்று.